ஒரு தடவை மறுத்தவன்

திண்டிவனம் பக்கத்துப் பொறியியல் கல்லூரியில் கணினி பாடம் நடத்திய சூர்யகலா, விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வந்துகொண்டே முனைவர் பட்டத்துக்கும் மாரடித்துக்கொண்டிருந்தாள். அவள் எழுதிய மென்பொருளுக்குள் வாங்குகிற முகவர்களும் விற்கிற முகவர்களும் மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, தாமாகவே விலை பேசும். யாரிடம் பேசப் போவது என்பதைப் பழைய அனுபவத்தை வைத்து அவையே தீர்மானிக்கும். பேரம் படிந்தால் அந்த ஆளுக்கு மதிப்பு ஏறும், முறிந்தால் இறங்கும்.

எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தாலும் கடைசியில் வாங்குகிற முகவர்கள் எல்லாம் ஒரே விற்பனையாளனைப் போய் மொய்த்தன. அவனிடம் சரக்கு தீர்ந்து பேரமே நின்றுபோனது. ஆரம்பத்தில் ஒரு தடவை மறுத்தவனிடம் அதற்குப் பிறகு எந்த முகவரும் போகவில்லை. போகாததால் அவன் மதிப்பு ஏறவும் வழியில்லை. இதை எப்படிச் சரிசெய்வது என்று அவளுக்குப் புரியவில்லை. யோசிக்கத் தெம்பும் இல்லை.

அந்த ஐப்பசியில் அம்மா தையல்நாயகி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் கூட இருக்க, வழக்கம்போலத் தங்கை ஷாலினியைத்தான் கூப்பிட்டாள் சூர்யகலா. எப்போது கூப்பிட்டாலும் வருகிறவள் அவள். இந்தத் தடவையும் வந்தாள். வாரம் திரும்புவதற்குள் வராந்தா பெஞ்சில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"என்னால முடியலக்கா. எல்லாத்துக்கும் என்னையே கூப்ட்டுக்கினு இருந்தா நான் எங்க போறது?"



காணை கிராமத்தில் கரும்பு பயிரிட்டிருந்த அண்ணன் சீனுவாசனை யாரும் கூப்பிடுவதில்லை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது, கரும்பு வெட்டு நடக்கிறது, வரமுடியாது என்று சொன்னவன். அதோடு அவனை விட்டுவிட்டார்கள். வேறு வழியில்லாமல் சூர்யகலா போன் செய்தாள். விஷயத்தைச் சொல்வதற்குள் அவனே குறுக்கிட்டான்.

"அம்மா விழுந்தத ஊர்க்காரன் சொல்லித்தான் தெரியும். நீங்க கூப்பிடுவீங்கன்னு பாத்துக்கினே இருந்தேன்."

"அன்னிக்கு வரமாட்டேன்னியேண்ணா."

"அன்னிக்கி முடியல. அதுக்கப்புறம் கேட்டீங்களா?"

மறுநாள் காலையில் துணிப்பையோடு வந்து நின்றான். அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டத் தெரியாமல் தோளெல்லாம் சிந்தினான். ஷாலினி வீட்டுக்குக் கிளம்பினாள்.

அடுத்த வாரம் கல்லூரியில் சூர்யகலா மென்பொருளைத் திருத்தினாள். மறுத்தவனிடமும் எப்போதாவது ஒரு தடவை போய்க் கேட்கவேண்டும் என்று ஒரு விதி சேர்த்தாள். பேரங்கள் நிற்காமல் ஓடின. ஆனால் முறிவுகளும் கூடின. வழிகாட்டிப் பேராசிரியர் உதட்டைப் பிதுக்கி, எல்லாச் சோதனைகளையும் முதலிலிருந்து செய்யச் சொன்னார். இன்னொரு வருஷம் போகும். சரி சார் என்று சொல்லிவிட்டு அவள் பஸ் பிடிக்க நடந்தாள்.