செங்குதிரைக்காரா

பெர்மெத் அப்பாவின் வாயில் ஸ்பூனால் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். எதிரே கல்யாண மண்டபத்தில் ஒலிபெருக்கியைச் சோதிக்க ஆரம்பித்தார்கள். சோதிப்பதற்கு உலகத்தில் வேறு பாட்டே கிடைக்கவில்லை போல, 'செங்குதிரைக்காரா'வைத்தான் போட்டார்கள். ஸ்பூனைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு அவள் ஜன்னலைச் சாத்த எழுந்தாள்.

"திறந்தே இருக்கட்டும்" என்றாள் அம்மா, கட்டிலின் கால்மாட்டிலிருந்து. "அவரோட பாட்டுதானே. கேட்டுட்டே போகட்டும்."

'போகட்டும்' என்று அவள் சொன்ன விதம் பெர்மெத்துக்கு என்னவோ போல் இருந்தது. மூன்று நாளாக அம்மா அந்த நாற்காலியை விட்டு நகரவில்லை. அழவும் இல்லை. ரயிலுக்குக் காத்திருப்பவள் மாதிரி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்பா சகின்பெக்கின் கண்கள் மூடியிருந்தன. ஆனால் போர்வையின் மேல் வலது கை விரல்கள் அசைந்தன. இல்லாத அக்கார்டியனில் கட்டைகளைத் தேடின.

"வேகம் ஜாஸ்தி" என்றார்.

அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்குவதற்குள் விரல்கள் நின்றுவிட்டன. பிஷ்கேக் நகரில் அன்றைக்கு நல்ல வெயில். மண்டபத்துக்காரன் மைக்கில் "ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணிக்கொண்டிருந்தான். பெர்மெத் அப்பாவின் தாடையைத் துணியால் கட்டினாள்.

வேகம் அதிகம் என்பது அவருடைய முப்பது வருடப் புகார். எழுபத்தெட்டில் வானொலிக்காக அவர் மெட்டமைத்தபோது அது நடந்து போகும் வேகத்தில்தான் இருந்தது. ஒரு பெண்ணும் அக்கார்டியனும், அவ்வளவுதான். மலையிலிருந்து வரும் காதலனை வாசலில் நின்று கூப்பிடுகிற பாட்டு. நாடே பாடியது. சோவியத் போன பிறகு ஒருவன் அதற்கு டிஸ்கோ தாளம் போட்டு, கேசட் உறையில் 'நாட்டுப்பாடல்' என்று அச்சடித்தான். எல்லைக்கு அந்தப் பக்கம் கசாக் மொழியில் ஒருவர் பாடி, தன் பாட்டனார் பாட்டு என்றே சொல்லிக்கொண்டார். அப்புறம் மண்டபங்களில் அது இல்லாமல் கல்யாணம் கிடையாது என்றாகிவிட்டது. சகின்பெக் எழுதாத புகார் இல்லை. "நாட்டுப்பாடலாம்ல, நாட்டுப்பாடல். நாடா உக்காந்து மெட்டுப் போட்டுச்சு?" என்று சாப்பாட்டு மேஜையில் பொருமுவார். அம்மா அப்போதெல்லாம் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

போன மாதம்தான் ஒரு சின்னப் பெண் வீடு தேடி வந்து, அவர் பெயரைப் போட்டே புதிதாகப் பாடுவதாகக் கையெழுத்து வாங்கிப்போனாள். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. அது வெளிவந்து எட்டாவது நாள் படுத்தவர்தான்.

முதலில் பாடிய பெண்ணுக்கு இரண்டே வருடத்தில் தொண்டை போயிற்று. டிஸ்கோக்காரனின் கார் மலைப்பாதையில் உருண்டது. தற்செயல் என்றுதான் பெர்மெத் இத்தனை நாள் நினைத்திருந்தாள். இப்போது அதை நினைக்கவே பிடிக்காமல் துணியின் முடிச்சை இறுக்கினாள்.

சாயங்காலத்துக்குள் ஐந்து மாடிக் குடியிருப்பின் முற்றத்தில், கார்கள் நிறுத்தும் இடத்தில், கம்பளிக் கூடாரம் எழும்பிவிட்டது. உள்ளே திரைக்குப் பின்னால் சகின்பெக்கைக் கிடத்தினார்கள். பெண்கள் கூடாரத்தின் மரச்சட்டச் சுவரைப் பார்த்து, வாசலுக்கு முதுகு காட்டி வரிசையாக உட்கார்ந்தார்கள். ஆண்கள் தெருமுனையிலிருந்தே "ஐயோ என் அண்ணாவே" என்று கதறிக்கொண்டு வந்தார்கள். வருகிறவனின் கதறலுக்கு உள்ளேயிருந்து ஒப்பாரி பதில் சொல்ல வேண்டும். அதுவும் முதல் குரல் மனைவியுடையதாக இருக்க வேண்டும். ஒப்பாரி இல்லாமல் போகிற பிணம் அநாதைப் பிணம்.

அம்மா ஜூரகான் வாயைத் திறக்கவில்லை.

"அண்ணி, ஆரம்பிங்க" என்றாள் அப்பாவின் தங்கை பூபுஷ். முதலில் காதோடு சொன்னாள். அப்புறம் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "எங்கண்ணன் என்ன நாதியத்தவனா? ஊரே வந்து நிக்குது, இவங்க கல்லாட்டம் உக்காந்திருக்காங்க."

"விடு பூபுஷ்."

"எதை விடறது? அந்தப் பாட்டுக்காரியை இன்னும் மனசுல வச்சிட்டிருக்கீங்களா? அவளும் செத்துட்டா, இவரும் செத்துட்டாரு."

பெர்மெத்துக்கும் அப்படித்தான் தோன்றியது. வானொலியில் முதலில் பாடிய அந்தப் பாடகியையும் அப்பாவையும் சேர்த்து ஒரு காலத்தில் ஊர் பேசியதுண்டு. பெர்மெத்தின் கல்யாணத்தில் அந்தப் பாட்டு வந்ததும் அம்மா தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனாள். அதற்காக அவள் அம்மாவிடம் ஒரு வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மறுநாள் காலை வரை பூபுஷே தொண்டை கட்டும் வரை பாடித் தீர்த்தாள். தங்கையின் ஒப்பாரி மனைவியின் ஒப்பாரி ஆகாது. வந்தவர்கள் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு குசுகுசுத்தார்கள். பத்து மணிக்குப் பெர்மெத் அம்மாவைக் கை பிடித்து மாடிப்படிக்குக் கீழே கூட்டிக்கொண்டு போனாள்.

"மத்தியானம் தூக்கிடுவாங்கம்மா. நாலு வரி போதும். அப்பாவை இப்படி அனுப்பாத. அவர் உனக்கு என்ன பண்ணியிருந்தாலும் சரி, எனக்கு அவர் அப்பா."

அம்மா சுவரில் சாய்ந்துகொண்டாள். "எங்கிட்ட ஒரே ஒரு மெட்டுதான் இருந்துச்சு."

"என்னது?"

"எல்தாருக்குப் பாடினது."

எல்தார், பெர்மெத் பிறப்பதற்கு முன்பே போய்விட்ட அண்ணன். ஒன்பது வயதில் மலை ஆற்றைக் குதிரையில் கடக்கப் போனவன். குதிரை மட்டும் திரும்பி வந்தது. அவனைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை.

"மூணு நாள் ஒப்பாரி பாடினேன். எங்கிருந்து வந்துச்சோ தெரியாது, தானா வந்துச்சு. உங்கப்பா கூடாரத்து வாசல்ல நின்னு கேட்டுட்டே இருந்தாரு. ரெண்டு வருஷம் கழிச்சு ரேடியோவைத் திருப்பறேன், அவ பாடறா. செங்குதிரைக்காரா, மலை இறங்கி வான்னு. எம்புள்ளை ஏறிப்போன குதிரைடி அது."

பெர்மெத்தின் கை தானாக அம்மாவின் முழங்கையைப் பற்றியது. தன் கல்யாணத்தில் எந்தப் பாட்டுக்குத் தான் ஆடினோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"நீ கேக்கலையா அவரை?"

"கேட்டேன். 'அவன் பேரு நெலைச்சு நிக்கட்டும்னுதான் போட்டேன்'னு சொல்லி அழுதாரு. பொய்யில்ல, நெசமாத்தான் அழுதாரு. ஆனா அவன் பேரை எங்கயும் போடலயே. தன் பேரைத்தான் போட்டாரு." அம்மா குரலைத் தாழ்த்தினாள். "சாவு இல்லாத இடத்துல ஒப்பாரி பாடக் கூடாதுடி. இவரு அதைக் கல்யாணத்துக்குக் கல்யாணம் அனுப்பி வச்சாரு. நாப்பத்தேழு வருஷமா அது பொணத்தைத் தேடிட்டுச் சுத்துது. உனக்குக் குழந்தை பொறந்த ஆஸ்பத்திரியில அந்தப் பாட்டு ஓடுச்சே, ஓடிப்போய் ரேடியோவைப் பிடுங்கினேனே, ஞாபகம் இருக்கா? பைத்தியம்னு நினைச்சிருப்ப."

நினைத்ததுதான். பெர்மெத் தலை குனிந்தாள்.

"இப்ப அதை எடுத்துப் பாடினா வெளியில நிக்கறவன் ஆடுவான். நான் என்னத்தைப் பாட?"

பெர்மெத்துக்குப் பாடு என்று சொல்லவும் வாய் வரவில்லை, விட்டுவிடு என்று சொல்லவும் மனம் வரவில்லை. அம்மாவின் தலைத்துணியைச் சரிசெய்து மறுபடி கூடாரத்துக்குள் கொண்டுபோய் உட்கார வைத்தாள்.

மத்தியானம் குளிப்பாட்டி, வெள்ளையில் சுற்றி, தொழுகைக்கு வெளியே எடுத்தார்கள். தொழுகை முடிந்ததும் பாடையைத் தோளுக்கு ஏற்றினார்கள். வண்டியின் என்ஜின் உறுமியது. சத்தமாக அழுவது மார்க்கத்தில் இல்லை என்று இமாம் ஏற்கெனவே ஒருமுறை சொல்லியிருந்தார். பூபுஷ் கூடப் பாடுவதை நிறுத்திவிட்டாள். பெர்மெத் அம்மாவைப் பார்க்கவில்லை. வெயிலுக்காகக் கூடாரத்தின் கீழ் விளிம்புக் கம்பளியை ஒரு சாண் உயர்த்திக் கட்டியிருந்தார்கள். அந்த இடைவெளியில் வெளியே நின்ற ஆண்களின் கால்கள் மட்டும் தெரிந்தன. அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது அம்மா குரலெடுத்தாள்.

எடுத்த எடுப்பில் யாருக்கும் அடையாளம் தெரிந்திருக்காது. அவ்வளவு மெதுவாக அந்த மெட்டை யாரும் கேட்டதில்லை. அக்கார்டியன் இல்லை, தாளம் இல்லை. ஒவ்வொரு வரிக்கும் நடுவில் மூச்சு வாங்கும் இடம் இருந்தது.

"எல்தாரே, என் செங்குதிரைக்காரா,
உங்கப்பன் வர்றான், வழியில நில்லு.
உம் பாட்டை ஊரெல்லாம் குடுத்துட்டு
வெறுங்கையோட வர்றான், கேளு.
எங்கே எம்பாட்டுன்னு கேளு, கண்ணே.
கேட்டு முடிச்சு, அழுது முடிச்சு,
அப்புறமா உன் குதிரையில
முன்னால ஏத்திக்கோ, அவனால நடக்க முடியாது."

பூபுஷ் வாயைப் பொத்திக்கொண்டாள். பெர்மெத் அழுதாள். அண்ணனுக்காகவா அப்பாவுக்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை, இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இருக்க வேண்டும். வெளியே யாரோ சொல்லி என்ஜினை அணைத்தார்கள். பாடையைத் தூக்கியவர்கள் தூக்கியபடியே நின்றார்கள். இமாமும் ஒன்றும் சொல்லவில்லை.

அம்மா இரண்டாம் முறை முதல் வரிக்கு வந்தபோது, கம்பளிக்குக் கீழே வெளியே ஒரு கறுப்பு ஷூவின் நுனி மெல்ல எழும்பித் தரையைத் தட்டியது. மறுபடியும் தட்டியது. எவனோ இளவட்டம், அவனுக்கே தெரிந்திருக்காது. பக்கத்திலிருந்த பழைய பழுப்பு ஷூ ஒன்று நகர்ந்து வந்து, அந்த நுனியின் மேல் ஏறி, அப்படியே நின்றது.