கழுவி வந்த கால்கள்

எங்கள் சபையில் ஆண்டுக்கு ஒரு முறை, பெரிய வெள்ளிக்கு முந்தின நாள், ஒருவர் காலை ஒருவர் கழுவுவோம். அதற்கு எல்லோரும் வீட்டிலேயே காலைக் கழுவிக்கொண்டுதான் வருவோம்.

அப்படிச் செய்யும்படி யாரும் சொன்னதில்லை. முதல் ஆண்டில் யாரோ ஒருத்தி கூச்சப்பட்டு அப்படி வந்திருப்பாள். மறு ஆண்டு பக்கத்தில் இருந்தவள் அவளைவிட நன்றாகத் தேய்த்துக்கொண்டு வந்திருப்பாள். இப்போது ஒரு வாரத்துக்கு முன்பே தொடங்கிவிடுகிறார்கள். நான் அரசு மருத்துவமனை மருந்தகத்தில் வேலை செய்பவள். அந்த வாரம் பித்தவெடிப்புக் களிம்பு வாங்க யார் யார் வருவார்கள் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். நகம் வெட்டி, கல்லால் உரசி, வாசனை சோப்புப் போட்டு, புதுக் காலுறை மாட்டி, மூப்பர் ஷாங் வீட்டு மாடிக்கு வருவோம். சத்தம் வெளியே கேட்காதபடி சன்னல்களில் பஞ்சு மெத்தை தொங்கும். பியோனிப் பூப் போட்ட எனாமல் பேசினில் அந்தக் கால்களை இறக்கினால் தண்ணீர் கலங்குவதே இல்லை. கழுவி முடித்த தண்ணீரில் அரிசி களையலாம். கழுவுகிறவர் கண்ணீர் விடுவார், கழுவப்படுகிறவரும் விடுவார். பத்து ஆண்டுகள் நானும் விட்டிருக்கிறேன். பதினோராம் ஆண்டுதான் எனக்குக் குமட்டியது.

அதற்கு முந்தைய குளிர்காலத்தில், அரசிடம் பதியாத எங்கள் கூட்டத்துக்குள் போலீஸ் புகுந்தது. பெரும்பாலோரைத் திட்டி அன்று மாலையே அனுப்பிவிட்டார்கள். கேள்விகளுக்குப் பதில் சொல்லாத இரண்டு பெண்களுக்கு மட்டும் பதினைந்து நாள் காவல். ஒருத்தி நான். இன்னொருத்தி ஜியா குயிலான்.

ஜியா சந்தையில் பன்றிக் குடல் கழுவுகிறவள். குடலை உள்பக்கம் வெளியே திருப்பி, உப்பும் காடியும் சோடாவும் போட்டுக் கசக்குவது அவள் வேலை. எழுதப் படிக்கத் தெரியாது. கணவன் இல்லை. கூட்டத்தில் அவள் உட்காரும் பெஞ்சில் அவளுக்கு இரண்டு பக்கமும் ஓர் ஆள் இடம் காலியாகக் கிடக்கும். அவளை யாரும் தள்ளி உட்காரச் சொன்னதில்லை. எல்லோரும் கொஞ்சம் நகர்ந்துகொள்வோம், அவ்வளவுதான். அதிகம் நகர்ந்தவள் நான். மருந்தகக்காரிக்கு மூக்கு கூர்மை.

காவல் அறையில் ஒன்பது பெண்களுக்கு ஒரே வாளி. கடைசியாக உள்ளே வந்தவள் வாளியை ஒட்டிப் படுக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். கடைசியாக நுழைந்தது நான். ஜியா என் போர்வையை எடுத்துத் தன் இடத்தில் போட்டாள்.

"நீ உள்ள தள்ளிப் படு. எனக்கு இதெல்லாம் வீட்டு நாத்தம் மாதிரி."

நான்காம் நாள் எனக்கு வயிற்றுப்போக்கு கண்டது. வாளிவரை போக முடியவில்லை. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். ஜியா தனக்குக் குடிக்கக் கொடுத்த நீரில் என் காற்சட்டையை அலசினாள். என் தொடைகளை வெறும் கையால் துடைத்தாள். அவமானத்தில் நான் அவள் கையைத் தட்டிவிட்டேன்.

"எத்தனை ஆயிரம் பன்னிக்குடலு பாத்திருக்கேன். உன்னோடது அதைவிட ஒண்ணும் மோசமில்ல, கெட," என்றாள்.

கர்த்தர் எங்கே போனார் என்று நான் முனகினேன். அவள் துணியைப் பிழிந்துகொண்டே, எதிர்வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள்: "எங்க போவாரு? இங்கதான் இருக்காரு. இந்த நாத்தத்துல நம்மள மட்டும் உக்கார வெச்சிட்டுத் தான் மட்டும் வெளிய நிப்பாரா?"

ஆறாம் நாள் என்னை விசாரணை அறைக்கு அழைத்துப் போனார்கள். உள்ளே கரியடுப்பு கனன்றது. அதிகாரியின் பெயர் தூ. என் வயதுதான் இருக்கும், மரியாதையாகப் பேசினார். தேயிலையில் வேகவைத்த முட்டை ஒன்றை உரித்து என் முன்னால் வைத்தார். இனிச் சட்டவிரோதக் கூட்டத்துக்குப் போகமாட்டேன், அழைத்தால் வந்து உதவுவேன் என்று எழுதிய தாள் ஒன்று இருந்தது. கையெழுத்துப் போடாவிட்டால் மருந்தக வேலை போய்விடும் என்பதை அவர் வாயால் சொல்லவில்லை. என் வேலை அட்டையை மேசைமேல் வைத்து, ஒரு விரலால் தட்டிக்கொண்டிருந்தார்.

நான் பேனாவை எடுத்தேன். வழக்கப்படி ரேகையும் வைக்க வேண்டும் என்று சிவப்பு மைப்பெட்டியைப் பார்த்தேன். அவர் அதை மூடி நகர்த்தி வைத்தார்.

"ரேகை வேணாங்க. உங்க ஆளுங்க வெளிய வந்ததும் விரலத்தான பாப்பாங்க. அதோட, பதினஞ்சு நாளும் முழுசா இருந்துட்டுப் போங்க. சீக்கிரம் போனா உங்களுக்கு அங்க மரியாதை இருக்காது."

அவருக்கு எங்களைப் பற்றி எங்களைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. காவலிலிருந்து வருகிறவரை நாங்கள் முதலில் கட்டிப்பிடிப்பதில்லை. வலது கையை வாங்கிக் கட்டைவிரலைப் பார்ப்போம். அந்த மை இரண்டு வாரத்துக்குப் போகாது. விரல் சிவப்பென்றால் தாளில் வைத்துவிட்டாள். வெள்ளையென்றால் ஜெயித்துவிட்டாள். படித்தவர்கள் பேனாவாலும் விழலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

முட்டையை அங்கேயே தின்றுவிட்டு அறைக்குத் திரும்பினேன். ஜியா என் முகத்துக்கு நேரே மூச்சை இழுத்தாள்.

"தேயிலை முட்டையா?"

ஆமாம் என்றேன்.

"நல்லது. வயித்துல ஏதாச்சும் நிக்கணுமில்ல," என்றாள். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

எட்டாம் நாள் என் நோய் அவளைப் பிடித்தது. ஒன்பதாம் நாள் இரத்தமாகப் போயிற்று. தங்கள் கணக்கில் ஒரு சாவு விழ வேண்டாம் என்று காவலர்கள் அவளை வெளியே அனுப்பினார்கள். உள்ளே வரும்போது பிடுங்கி வைத்த இடுப்புவாரையும் காலணிக் கயிறையும் திருப்பித் தர ஒரு சீட்டு உண்டு. எழுதத் தெரியாதவள் எதற்கும் ரேகைதான் வைக்க வேண்டும். அவள் கயிறு வாங்க விரல் வைத்தாள்.

சபையில் அவள் கையை வாங்கிப் பார்த்தது சகோதரி வெய். ஒன்பதாம் நாளே வந்துவிட்டாள், விரலும் சிவப்பு. கயிறு வாங்க வைத்தேன் என்று ஜியா ஒரு முறை சொல்லியிருக்கிறாள். "கயித்துக்கு ரேகையா? இடுப்புவாருக்குக் கால் ரேகையும் வெச்சியா?" என்று வெய் கேட்க, மாடியே சிரித்திருக்கிறது. ஜியாவும் சேர்ந்து சிரித்தாளாம். மறுபடி அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. கர்த்தருக்குத் தெரியும் என்று மட்டும் சொன்னாள். குற்றமுள்ளவள்தான் அப்படிச் சொல்வாள் என்று எல்லோரும் புரிந்துகொண்டார்கள்.

ஆறு நாள் கழித்து நான் வந்தேன். மூப்பர் ஷாங் என் வலது கையைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். அவர் ஒரு காலத்தில் உழைப்பு முகாமில் மூன்று ஆண்டுகள் இருந்தவர். பனியில் ஒரு காது மடல் போய்விட்டது. அவர் சாட்சி சொல்லும் ஒவ்வொரு முறையும் அந்தக் காது தன் கதையைச் சற்றுக் கூட்டிச் சொல்லும். என் வெள்ளை விரலைப் பார்த்து அவர் அழுதார். தூக்கிய கையை நான் கீழே இறக்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் வாயில் புளிப்பு ஊறுகிறது.

ஜியாவுக்குத் திருவிருந்தின் அப்பமும் பாத்திரமும் நிறுத்தப்பட்டன. கூட்டம் நடக்கும்போது கீழே வாசலில் முக்காலி போட்டு, போலீஸ் வருகிறதா என்று பார்க்கும் வேலை அவளுக்கு. கால்கழுவும் நாளன்று எல்லோர் முன்னிலையிலும் பாவத்தை அறிக்கையிட்டால் சேர்த்துக்கொள்வது, இல்லாவிட்டால் சபையைவிட்டு நீக்குவது என்று மூப்பர் முடிவு செய்தார். அவளுக்குப் போக வேறு இடமும் இல்லை, பேச வேறு ஆளும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு அன்று வேறொன்று காத்திருந்தது. என்னைச் சபையின் ஊழியக்காரியாக ஏற்படுத்தப் போகிறார்கள். சுற்றியுள்ள நாற்பது கிராமங்களில் எந்தெந்த வீட்டில் கூட்டம் நடக்கிறது என்று எழுதிய நோட்டு என் கைக்கு வரும். அதிகாரி தூ இதற்கிடையில் இரண்டு முறை மருந்தகத்துக்கு வந்து இருமல் மருந்து வாங்கிப் போயிருந்தார். அவருக்கு இருமல் இல்லை. இரண்டாம் முறை, பதவி வருகிறதாமே, வாழ்த்துகள் என்றார். எதுவும் கேட்கவில்லை. நோட்டு வந்த பிறகு கேட்பார்.

வியாழக்கிழமை மதியம் மாடிக்குப் போனேன். படியிலேயே சோப்பு வாசனை. முப்பது பேர், அறுபது கால்கள், ஒரே வாசனை. ஜியா கடைசியாக, சந்தையிலிருந்து ஓடி வந்தாள். குடல் வண்டி தாமதமாக வந்ததாம், வீட்டுக்குப் போக நேரமில்லையாம். பிளாஸ்டிக் காலணிக்குள் கால் ஊறிப்போயிருந்தது. அவள் அறைக்குள் வந்ததும் சோப்பு வாசனை பின்வாங்கியது. வெய் காலுறையைச் சரிசெய்வதுபோல் குனிந்து மூக்கைத் தோளில் புதைத்துக்கொண்டாள்.

"இன்னைக்காச்சும் கழுவிட்டு வரக் கூடாதா அக்கா? இது காலக் கழுவுற நாளு," என்றாள்.

"கழுவுற நாளுதானேன்னுதான் அப்படியே வந்துட்டேன்," என்றாள் ஜியா.

கிண்டலாகச் சொன்னாளா, வெள்ளந்தியாகச் சொன்னாளா என்று எனக்கு இன்னமும் தெரியாது.

மூப்பர் தாழ்மையைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். பிறகு புதிய ஊழியக்காரி தொடங்கட்டும் என்று தன் காலுறைகளைக் கழற்றினார். நான் பேசினுக்கு முன்னால் முழங்கால் போட்டேன். அவர் கால்கள் இளஞ்சிவப்பாக, வேகவைத்து உரித்ததுபோல் இருந்தன. விரல் இடுக்குகளில் பவுடர். அந்த வாசனையில் எனக்குக் குமட்டியது. அந்த வாளி அறையில் பதினைந்து நாள் கிடந்தபோதுகூட எனக்கு அப்படி ஓங்கரித்ததில்லை. எந்த அழுக்குக்காக இத்தனை பேர் இங்கே கூடியிருக்கிறோம் என்று எனக்குத் தெரிந்தது. அது அவர் காலில் இல்லை. தண்ணீரில் கிடந்த என் வலது கட்டைவிரலில் இருந்தது.

பேசினைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். மூப்பரின் கால்கள் தொடப்படாமல் பலகைமேல் நின்றன. கதவோரம் நின்ற ஜியாவை உட்காரச் சொல்லி அவள் காலணியை இழுத்தேன். அவள் காலை மடக்கிக்கொண்டாள்.

"வேணாம் லூ. நாறும்."

"உன் நாத்தம் எனக்குத் தெரியும்க்கா. என் நாத்தம் உனக்குத் தெரியும். காலக் குடு."

வலது காலைத் தண்ணீரில் வைத்தேன். சோடா தின்ற குதிகால், நகக்கண்ணில் கொழுப்பு. தண்ணீர் உடனே சாம்பல் நிறமாயிற்று. அந்த பேசினில் தண்ணீர் கலங்கி நான் பார்த்தது அதுதான் முதல் முறை. யாரோ இருமினார்கள். யாரோ மெத்தையை விலக்கிச் சன்னலைத் திறக்கப் போய் நின்றுவிட்டார்கள்.

குனிந்தபடியே சொன்னேன். ஆறாம் நாள், கரியடுப்பு, முட்டை, பேனா, மூடி வைத்த மைப்பெட்டி. அவளுக்கு இரத்தம் போனது என் மலத்தைத் துடைத்த கையால் என்பதையும் சொன்னேன். தூ மருந்தகத்துக்கு வந்து போவதையும், நோட்டை என்னிடம் தரக் கூடாது என்பதையும் சொன்னேன். சொல்லி முடித்தபோது அவளுடைய ஒரு காலைத்தான் கழுவியிருந்தேன்.

வெய் தன் விரலை ஏனோ பார்த்துக்கொண்டாள். மூப்பர் ஜியாவிடம்தான் கேட்டார்.

"உனக்கு இது தெரியுமா?"

"முட்டை வாசனை வந்துச்சு ஐயா."

"ஏன் சொல்லல?"

"அவளுக்கு வேலை போயிடும்னு பயம். எனக்கு என்ன போயிடும்? மூக்கப் பொத்துறதுதான் தினமும் பாக்குறதாச்சே," என்றாள்.

எனக்குத் தர எடுத்து வைத்திருந்த நோட்டை மூப்பர் தன் அங்கிக்குள் திரும்ப வைத்தார். என்னைக் கீழே வாசலுக்குப் போகச் சொன்னார். அப்பம் எனக்கு இல்லை. சரியான தீர்ப்புதான். அவர் காலுறைகளை மாட்டத் தொடங்கினார், வலதை இடதில் மாட்டி மறுபடி கழற்றினார். ஜியாவை அறிக்கையிடும்படி யாரும் கேட்கவில்லை. மன்னிப்பும் யாரும் கேட்கவில்லை. கலங்கின தண்ணீரைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள்.

கீழே முக்காலியில் உட்கார்ந்தேன். தெருவில் ஒருத்தன் சூரியகாந்தி விதை வறுத்துக்கொண்டிருந்தான். நாளைக்கோ மறுநாளோ தூ இருமல் மருந்து வாங்க வருவார். இல்லை என்று நான் சொன்னால் வேலை அட்டை போகும், பிறகு மறுபடி அந்த அறை.

படியில் ஈரக்கால் சத்தம் கேட்டது. ஜியா அந்த பேசினைத் தளும்பாமல் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். ஒரு காலில் காலணி, ஒரு கால் வெறுங்கால். வாயோரம் அப்பத்துணுக்கு ஒட்டியிருந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு கிடைத்த அப்பம். சாக்கடையில் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குழாயடியில் புதிதாகப் பிடித்து வந்தாள்.

மறுபடி உள்ளே போட்டுவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன்.

"போடட்டும். வாளி எங்க இருக்கும்னு இப்பத் தெரியுமில்ல," என்றாள். "போன தடவையும் கர்த்தர்தான் பாத்துக்கிட்டாரு. நீதான் நடுவுல முட்டை தின்னப் போயிட்ட."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு வந்தது. வாசற்படியில் உட்கார்ந்து, மற்றக் காலணியைக் கழற்றி, பேசினை என் பக்கம் தள்ளினாள்.

"ஒரு கால் பாக்கி இருக்கு," என்றாள்.