பாத் நகரில் சாரங்கியின் தூக்கம்

திங்கட்கிழமைக்குள் கபிலன் தன் கம்பனிக்குப் பதில் எழுத வேண்டும். லண்டன் கிளைக்குப் போகிறானா, இல்லையா என்று. மனைவி மிதுஷா தலையாட்டினால் போதும். அதற்காகவே அவளை டென்மார்க்கின் கிரின்ஸ்டெட்டிலிருந்து கூட்டிவந்து, ஞாயிறு முழுக்க லண்டனில் இருக்கும் அக்கா தனுசியாவின் காரில் இங்கிலாந்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தான்.

காலையில் கொட்ஸ்வோல்ட்ஸ் பக்கம் ஒரு கிராமம். தேன் நிறக் கல்வீடுகள், ஓடை, சரிவில் செம்மறியாடுகள்.

"கிரின்ஸ்டெட்டிலை இப்பிடி ஒரு மேடு காட்டும் பாப்பம்," என்றான் கபிலன்.

மிதுஷா ஆடுகளைப் பார்க்கவில்லை. எட்டு மாத மகள் சாரங்கி விடிந்ததிலிருந்து கண் மூடவில்லை என்பதே அவள் மனதை அரித்துக்கொண்டிருந்தது.

"பிள்ளைக்குப் பசி போல," என்றாள் தனுசியா.

"இல்லை மச்சாள், நித்திரை."

"அப்ப காருக்குள்ளை படுக்கட்டுமன்."

காருக்குள் சாரங்கி படுக்கமாட்டாள். பிறந்ததிலிருந்து பகல் தூக்கமெல்லாம் வெளியே, குளிர்காற்றில், தள்ளுவண்டிக்குள்தான். டென்மார்க்கில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் தூங்குகிறார்கள். பனி கொட்டினாலும் தாய்மார் வண்டியைக் கடை வாசலில் நிறுத்திவிட்டுக் கோப்பி குடிக்கப் போவார்கள்.

மத்தியானம் பாத் நகரம். ரோமர் கட்டிய குளியல் மண்டபத்தில் கபிலன் ஒவ்வொரு விளக்கப் பலகையாக நின்று வாசித்தான். சாரங்கி சிணுங்கச் சிணுங்க மிதுஷா தூண்களைச் சுற்றி நடந்தாள். பச்சைத் தண்ணீரில் ஆவி எழுந்தது என்பதைத் தவிர அவளுக்கு எதுவும் பதியவில்லை.

வெளியே வந்து கல் பதித்த சந்தொன்றில் வண்டியைத் தள்ளியபோது, அந்த அதிர்வில் சாரங்கி ஒருவழியாகத் தூங்கிப்போனாள். மற்ற இருவரும் முன்னால் போய் ஒரு தேநீர்க் கடைக்குள் நுழைந்திருந்தார்கள். மிதுஷா யோசிக்கவே இல்லை. வண்டியை ஜன்னலுக்குக் கீழே சுவரோடு நிறுத்தி, பிரேக்கை மிதித்து, போர்வையைச் சரிசெய்துவிட்டு உள்ளே போய் அந்த ஜன்னலருகே உட்கார்ந்தாள். அன்று முதல்முறையாக அவள் தோள்கள் இறங்கின.

இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. மழைக்கோட்டு அணிந்த ஒரு மூதாட்டி வண்டியருகே நின்று தெருவை இருபக்கமும் பார்த்தார். பிறகு கடைக்கதவைத் திறந்து, யாரோ குழந்தையை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், பொலிசைக் கூப்பிடவா என்று கேட்டார். கடை முழுவதும் திரும்பியது. எழுந்து நின்ற மிதுஷாவுக்கு ஆங்கிலம் வரவில்லை. "அவள் தூங்குகிறாள்" என்று டேனிஷில்தான் வாயில் வந்தது.

கபிலன் ஓடினான். "மன்னிக்க வேண்டும். என் மனைவிக்கு இதெல்லாம் தெரியாது," என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே பிள்ளையைத் தூக்கினான். சாரங்கி விழித்து வீரிட்டாள்.

"றோட்டிலை பிள்ளையை விட்டிட்டு ஆரும் தேத்தண்ணி குடிப்பினமே?" என்றாள் தனுசியா, தாழ்ந்த குரலில். "ஆக்கள் பாக்கினம்."

"கபிலும் சின்னனிலை அப்பிடிப் படுத்தவர்தானே, மச்சாள். உங்கடை அல்பத்திலை படம் இருக்கு. சுத்திவரப் பனி."

"அது டென்மார்க்," என்றான் கபிலன்.

மிதுஷா அவன் கையிலிருந்து பிள்ளையை வாங்கினாள். வெளியே வந்து வண்டியில் கிடத்தி, மறுபடி கல்தெருவில் தள்ளத் தொடங்கினாள். கபிலன் பின்னால் வந்தான்.

"இஞ்சத்தை முறை வேறை, மிது. ரெண்டு மாசத்திலை பழகிடும்."

"ஓம், பழகிடும். உங்களுக்கு ரெண்டு நாள்கூடத் தேவைப்படேல்லை."

வண்டியின் சக்கரங்கள் கடகடத்தன.

"இல்லையெண்டு எழுதுங்கோ," என்றாள் அவள்.

"அக்காட்டை என்னெண்டு சொல்லுறது?"

"எனக்கு விருப்பமில்லையெண்டு சொல்லுங்கோ. தெரியாதெண்டு மட்டும் சொல்லாதேங்கோ."

கடை வாசலில் நின்று தனுசியா கைகாட்டிக் கூப்பிட்டாள். சாரங்கியின் அழுகை விக்கலாகத் தேய்ந்துகொண்டிருந்தது. மிதுஷா திரும்பிப் பார்க்காமல் வண்டியை அடுத்த தெருவுக்குள் திருப்பினாள்.