விரல் வைக்காமல்

அத்தான் மறுபடியும் மின்சுற்றுப் படத்தின்மேல் இடது கை விரலை வைத்தார். பேட்டரியின் பிளஸ் முனையில் கிளம்பி, கம்பி வழியே ஊர்ந்து, ஒவ்வொரு மின்தடையாகத் தாண்டி அது மைனஸ் முனைக்கு வருவதற்குள் நான் ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்துவிடலாம். பதினெட்டு வருடமாக வயரிங் வேலை செய்கிற மனுஷர்! ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக் கூட்டுவதுபோல உட்கார்ந்திருக்கிறார். பயிற்சி மையத்தில் எனக்குப் 'பத்து செகண்ட் டீச்சர்' என்று பெயர். அக்காவைக் கட்டியவராயிற்றே, என்ன செய்வது.

மின்நிலையத்தில் நிரந்தர வேலைக்கான பரீட்சை. அறுபது நிமிஷத்தில் அறுபது கணக்கு. வயது வரம்பினால் அவருக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. அக்கா அதையே சொல்லிச் சொல்லி என் உயிரை வாங்கினாள்.

கம்பியைப் பார்க்காதீர்கள், படத்தின் உருவத்தைப் பாருங்கள் என்றேன்.

"கம்பி எங்க போகுதுன்னு பாக்காம எப்படிம்மா?"

அக்காவை வைத்துக்கொண்டே சிரித்துவிட்டேன். இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்காரச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் உட்கார்ந்தார். ஒரே மாதத்தில் ஒரு கணக்குக்குப் பன்னிரண்டு செகண்ட் என்று வந்தார். அந்தப் பெருமையையும் நானே எடுத்துக்கொண்டேன்.

வேலை ஒரு மார்க்கில் போயிற்று. அக்கா சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. எங்கேயாவது விரலை வைத்துத் தடவிக்கொண்டிருந்திருப்பார் என்று அவளிடம் வாய் கூசாமல் சொன்னேன்.

சாயங்காலம் அத்தான் ஒரு தாளில் படம் வரைந்தார். பன்னிரண்டு வோல்ட் பேட்டரி. இரண்டு ஓம், நான்கு ஓம், வரிசையாக. வெளியே கட்டம் கட்டியதுபோல ஒரு கோடு. அவர் தாளிலிருந்து பேனாவை எடுப்பதற்குள் விடையைச் சொல்லிவிட்டேன்.

"ஆறு ஓம். ரெண்டு ஆம்பியர். இது கூடவா தெரியல?"

"பரீட்சையில நானும் அதாம்மா போட்டேன். நீ சொன்ன மாதிரி விரலே வைக்கல."

அவருடைய இடது கை அப்போதும் தொடைக்கு அடியில்தான் இருந்தது. மெல்ல அதை வெளியே எடுத்தார். விரல் பிளஸ் முனையில் கிளம்பி இரண்டு ஓமைத் தாண்டியது. நான்கு ஓமுக்கு முன்னால் அந்த வெளிக்கோடு பிரிந்தது. ஒரு தடையும் இல்லாத வெறுங்கம்பி. விரல் அதில் திரும்பி, நான்கு ஓமைத் தொடாமலே மைனஸுக்கு வந்து நின்றது. கணக்கில் வருவது இரண்டு ஓம் மட்டும்தான். ஆறு ஆம்பியர்.

விரல் மறுபடியும் பிளஸ் முனைக்குப் போயிற்று.