சனிக்கிழமைக் குழம்பு

கோழிக்குழம்பின் மேல் ஆடைபோல் உறைந்திருந்த கொழுப்பை ஷாமளா கரண்டியால் ஒதுக்கினாள். பக்கத்தில் நின்ற புஷ்பவள்ளி சட்டியின் மூடியைக் கையில் எடுத்தாள்.

“எதுக்குடி இதை வெளிய எடுத்த?”

“சர்ச்லேர்ந்து எல்லாரும் வந்துட்டாங்கம்மா. வச்சிருந்தா வீணாத்தான் போவும் லா.”

மாசாய் ஊரில் அந்த வரிசைவீட்டின் கூடத்தில் புஷ்பவள்ளியின் கணவர் குணாளன் சவப்பெட்டிக்குள் கிடந்தார். அடக்கம் ஞாயிறு காலை. சிங்கப்பூரில் வேலை செய்யும் மகள் ஷாமளா நேற்றிரவே எல்லைப் பாலம் தாண்டி வந்து சேர்ந்துவிட்டாள். சபையார் ஆராதனை முடிந்து நேராக இங்கே வந்திருந்தார்கள். இந்த வாரம் மதியச் சாப்பாடு குணாளன் வீட்டு முறை. வீட்டுக்காரர் செத்தும் முறை மாறவில்லை.

சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரிக்கிற குடும்பம் அது. வெள்ளி பொழுது சாய்ந்தால் சனி பொழுது சாயும்வரை வேலை கிடையாது. சபையில் மற்றவர்கள் சனியன்று குழம்பைச் சூடாவது பண்ணிக்கொள்வார்கள். குணாளன் அடுப்பைத் தொடவே விடமாட்டார். சனிக்கிழமை ஷிஃப்டுக்கு வரமாட்டேன் என்று பாசிர் கூடாங் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலையையே உதறியவர் அவர். அன்றைக்குப் புஷ்பவள்ளிக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதன்பிறகு பள்ளிக்கூடக் கேண்டீனில் வேலைக்குச் சேர்ந்தது அவள். வெள்ளிதோறும் கேண்டீனிலிருந்து ஓடிவந்து, மறுநாளைக்கும் சேர்த்துச் சமைத்து, வீட்டைத் துடைத்து, அவருடைய வெள்ளைச் சட்டையைத் தேய்த்து மாட்டியதும் அவள்தான். ஓய்வுநாளில் ஓயவேண்டியவர்கள் யார் யாரென்று வேதத்தின் பத்துக் கட்டளையில் வரிசையாகச் சொல்லியிருக்கிறது. மகன் உண்டு, மகள் உண்டு, வேலைக்காரி உண்டு, மாடுகூட உண்டு. பெண்டாட்டியைக் காணோம். ஒருமுறை அவள் இதைக் கேட்டபோது குணாளன் சிரித்துவிட்டு, ஜெபத்தில் வைக்கச் சொன்னார்.

நேற்றுச் சாயங்காலம் அவர் உள்ளறையில் படுத்திருந்தார். அவள் சபைக்கே போதுமான கோழியைப் பெரிய சட்டியில் கிளறிக்கொண்டிருந்தாள். “புஷ்பா” என்று குரல் வந்தது. வெள்ளிக்கிழமையென்றால் அந்தக் குரல் வழக்கம்தான். பொழுது சாயுது, இன்னும் ஆகலியா, இவ்வளவு நேரம் என்ன பண்ணின என்று அறைக்குள்ளிருந்தே விரட்டுவார். இதோ ஆச்சு என்றாள். மறுபடியும் கூப்பிட்டார். அவள் பதில் சொல்லாமல் கரண்டியைச் சட்டி விளிம்பில் ஓங்கித் தட்டினாள். இன்னும் ஒருதரம், கொஞ்சம் இழுத்தாற்போலக் கூப்பிட்டார். பிறகு சத்தமில்லை. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

அடுப்பை அணைத்து, தரையைத் துடைத்து, கையைக் கழுவிக்கொண்டு போய்ப் பார்த்தபோது அவருடைய ஒரு கால் கட்டிலிலிருந்து கீழே தொங்கியது. வாயோரம் வாந்தி காய்ந்திருந்தது. இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். கூப்பிட்டதைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது கூடத்தில் பெட்டியிலிருந்து வந்த மருந்து நெடியோடு குழம்பு வாசனையும் கலந்திருந்தது. புஷ்பவள்ளி பெட்டியோரம் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். வரிசையாகப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் எல்லாரும் மடியில் தட்டை வைத்துப் பிசைந்துகொண்டிருந்தார்கள். ஆறின சோற்றில் கொழுப்பு வெள்ளை வெள்ளையாகத் திரண்டு விரல்களில் ஒட்டியது. சபை மூப்பர் ராஜசேகரன் தட்டோடு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். எலும்பைக் கடித்து உறிஞ்சினார்.

“குடுத்து வச்சவரு சிஸ்டர். ஓய்வுநாள் பொறக்குற நேரத்துல ஓய்வுக்குப் போயிட்டாரு. எத்தன பேருக்குக் கிடைக்கும்?”

அவருடைய நகக்கண்ணில் மஞ்சள் ஏறியிருந்தது. புஷ்பவள்ளி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நாளைக்கு அடக்கத்துல நான்தான் பேசணும். கடைசியா ஏதாச்சும் சொன்னாரா?”

“கூப்பிட்டாரு.”

“ஆண்டவரையா?”

“என்னைய.”

ராஜசேகரன் தலையை ஆட்டி, மேலே சொல்லட்டும் என்று காத்திருந்தார்.

“நான் போவல. மூணு தடவை கூப்பிட்டாரு, போவல. இதத்தான் கிண்டிக்கிட்டு இருந்தேன்.”

அவள் அவருடைய தட்டைக் காட்டினாள்.

பக்கத்து நாற்காலிகளில் பிசைந்துகொண்டிருந்த கைகள் நின்றன. ஷாமளா கரண்டியோடு அடுப்படி வாசலில் நின்றுவிட்டாள். ராஜசேகரனின் வாயில் ஒரு கவளம் இருந்தது. துப்பவும் முடியாமல், மெல்லவும் முடியாமல் அவர் கொஞ்சநேரம் பெட்டியைப் பார்த்தார். அப்புறம் மெதுவாக மென்று விழுங்கினார். தொண்டை ஏறி இறங்குவதைப் புஷ்பவள்ளி பார்த்தாள். அவருக்கு இருமல் வந்தது.

“தண்ணி, சிஸ்டர்” என்றார்.

அவள் முந்தானையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். யாரும் எழவில்லை. ராஜசேகரன் தட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் நாற்காலிக்கடியில் வைத்துவிட்டு, இருமிக்கொண்டே ஷாமளாவைத் தாண்டி அடுப்படிக்குள் போனார். அங்கே தம்ளருக்காக அலமாரிக் கதவு ஒன்று திறந்து மூடியது. பிறகு அடுத்தது. அதற்கும் அடுத்தது.