காணாமல் போய்த் திரும்பிய ஃப்ளாக்ஸ்

ஏப்ரல் முதல் வாரத்தில் ரென்ஸ்கெயின் தோட்டத்திலிருந்து ஃப்ளாக்ஸ் என்கிற பூச்செடி காணாமல் போனது. தூரோடு, மண்ணோடு போய்விட்டது.

அந்த வீட்டை அவள் வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. க்ரோனிங்கன் நகரில் ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. விற்றவர் வுப்போ என்கிற எழுபத்து நாலு வயதுக்காரர். விற்ற கையோடு கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருந்த முதியோர் குடியிருப்புக்குப் போய்விட்டார். அக்டோபரில் அவர் சாவி கொடுத்தபோது தோட்டம் மொட்டையாக இருந்தது. மண்ணின் மேல் மரப்பட்டைத் தூளை மெத்தை மாதிரி பரப்பியிருந்தார்.

"எல்லாம் பல்லாண்டுச் செடிம்மா. குளிர்ல செத்த மாதிரி தெரியும், அடியில உசுரு இருக்கும். வசந்தத்துல தானா வரும்" என்று சொல்லி, எது எங்கே இருக்கிறது என்று பென்சிலில் படமும் வரைந்து கொடுத்திருந்தார்.

மார்ச்சில் படத்தில் இருந்தபடியே முளைகள் வந்தன. ரென்ஸ்கெ நகரப் பேருந்து ஓட்டுபவள். வேலை முடிந்து வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் முளைகளைக் குனிந்து பார்ப்பாள். அதனால்தான் ஃப்ளாக்ஸ் இருந்த இடம் காலியாகக் கிடந்தது உடனே கண்ணில் பட்டது. குழியை மூடி, கையால் தட்டிச் சமப்படுத்தி, மேலே மரப்பட்டைத் தூளும் தூவியிருந்தது. முயலோ பூனையோ இவ்வளவு மரியாதையாகத் தோண்டாது.

வேலிச் செடிக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அலிடாவிடம் கேட்டாள். முப்பது வருஷமாக அந்த வீட்டில் இருப்பவள், சந்தில் ஈ பறந்தாலும் அவளுக்குத் தெரியும்.

"இங்க யாராவது வந்தாங்களா?"

"யாரு வரப் போறா? உனக்குச் செடி புதுசு. எங்க இருந்துச்சுன்னு மறந்திருப்பே" என்றாள் அலிடா. பிறகு துணியை உதறிக்கொண்டே, "ஆமா, வெள்ளிக்கிழமை உனக்குக் காலை வேலையா, மதியமா?"

அதற்கு முந்தின வாரமும் அவள் இதையே கேட்டிருந்தாள்.

ரென்ஸ்கெ உள்ளே போய் விற்பனைப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தாள். மண்ணில் வேர் பிடித்திருப்பதெல்லாம் வீட்டோடு சேர்த்தி என்று தெளிவாக இருந்தது. கிழவருக்குச் செடியை விட மனசில்லை, தோட்டத்தின் பின்னால் உள்ள சந்துக் கதவு வழியாக வந்து ஒவ்வொன்றாகக் கொண்டுபோகிறார் என்று முடிவு கட்டினாள். மறுநாளே அந்தக் கதவுக்குப் புதுப் பூட்டு வாங்கி மாட்டினாள்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஃப்ளாக்ஸ் திரும்பி வந்திருந்தது.

அதே இடம், அதே ஐந்து தண்டு. பழைய இடத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி நின்றது, அவ்வளவுதான். சந்துக் கதவில் பூட்டு பூட்டியபடி இருந்தது. திருடினவன் ஏன் திருப்பி வைக்கிறான்? சுற்றிலும் பார்த்தபோதுதான் தெரிந்தது, பியோனி இல்லை. சிவப்பு முளை ஒன்பது விட்டு, அவள் மொட்டுக்காகக் காத்திருந்த பியோனி. கதவு பூட்டியிருந்தால் வருகிற வழி ஒன்றே ஒன்றுதான். அலிடாவின் வேலியில், தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பின்னால், ஓர் ஆள் நுழைகிற அளவு இடைவெளி இருந்தது.

அன்று ராத்திரி படுத்தபடி யோசித்தாள். செடி ஒரு சாக்கு, அடியில் வேறு எதையோ தேடுகிறார்களோ என்றுகூடத் தோன்றியது.

அடுத்த வெள்ளிக்கு ஒரு தோழியோடு வேலை நேரத்தை மாற்றிக்கொண்டாள். வழக்கம்போலச் சீருடை போட்டு, சைக்கிளில் தெருமுனைவரை போய், சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியே வீட்டுக்குள் வந்து மாடி ஜன்னலில் நின்றாள். பத்து மணிக்குப் பீப்பாய்க்குப் பின்னாலிருந்து வுப்போ வந்தார். கையில் வாளி, மண் கிளறும் இரும்பு முள் கரண்டி. முழங்காலிட்டு ஆஸ்டர் செடியின் அடியில் கரண்டியை இறக்கினார். அலிடா வேலிக்கு மேலாகக் காப்பி நீட்டினாள்.

ரென்ஸ்கெ படியில் தடதடவென்று இறங்கினாள்.

"கையை எடுங்க! வித்த வீட்டுல வந்து திருடுறீங்களே, வெக்கமா இல்ல?"

அலிடா காப்பியை வேலியின் மேலேயே கொட்டிவிட்டாள். வுப்போ எழ முயன்றார், முட்டி ஒத்துழைக்கவில்லை. உட்கார்ந்தபடியே வாளியை அவள் பக்கம் தள்ளினார்.

"நான் திருடுறது இதைத்தாம்மா."

வாளி நிறைய வெள்ளை வெள்ளையாக, நூல்கண்டைப் பிரித்துப் போட்டது மாதிரி வேர்கள்.

"ஏழிலைப் பூண்டுன்னு ஒரு களை. தோட்டக்காரன் துக்கம்னு சொல்லுவாங்களே, அதுதான். ஒரு துண்டு வேர் மிஞ்சினாலும் தோட்டம் மொத்தத்தையும் முழுங்கிடும். செடியோட வேருக்குள்ளயே பின்னிக்கும். தூரோட எடுத்து, கழுவி, ஒவ்வொண்ணாப் பிரிக்கணும். அப்புறம் ரெண்டு வாரம் தொட்டியில வச்சு, மறுபடி முளைக்குதான்னு பார்க்கணும். உங்க பியோனி அலிடா கொட்டகையில பத்திரமா இருக்கு."

"வாங்கும்போது ஏன் சொல்லல?"

"சொன்னா வாங்கியிருப்பீங்களா?"

"வாங்கியிருக்க மாட்டேன்."

"அதான் சொல்லல. வெட்டிட்டு, மேல மரப்பட்டைத் தூளப் போட்டு மூடிட்டேன்." அவர் கையுறையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அந்தக் குடியிருப்புக்குப் போனதுல இருந்து தூக்கமே இல்ல. நீங்க பார்க்குறதுக்குள்ள எடுத்துடலாம்னு நெனச்சேன். எல்லாம் என் தப்பு. ஒன்பது வருஷம் முன்னாடி சிநேகிதன் குடுத்த ஒரு தொட்டிச் செடியோட வந்தது."

ரென்ஸ்கெக்கு அவருடைய சொல்லில் அரைப் பங்குகூட நம்பிக்கை வரவில்லை. ஒரு முறை மூடி மறைத்தவர்தானே. கரண்டியைப் பிடுங்கி ஒரு வெள்ளை வேரைப் பிடித்தாள், அது போகிற வழியே தோண்டிக்கொண்டு போனாள். ஆஸ்டரைத் தாண்டி, ஃப்ளாக்ஸைத் தாண்டி, வேர் தடித்துக்கொண்டே போய் வேலிக்கு அடியில் நுழைந்தது. வேலியை விலக்கி எட்டிப் பார்த்தாள். அலிடாவின் தோட்டத்தில் முழங்கால் உயரத்துக்குப் பச்சைப்பசேல் என்று அதே பூண்டு செழித்திருந்தது.

"அலிடா," என்றார் வுப்போ மெதுவாக, "இது உன் பக்கம் எத்தனை வருஷமா இருக்கு?"

"உங்க தொட்டிச் செடிக்கும் முன்னாடியே இருக்கு. வெள்ளையா அழகாப் பூக்குதேன்னு விட்டு வச்சேன்." அலிடாவின் முகம் சிவந்துவிட்டது. "நீங்கதான் என் தப்பு என் தப்புன்னு சொல்லிட்டே இருந்தீங்க. நான் என்னத்தச் சொல்ல?"

"அதுக்குத்தான் வாராவாரம் காப்பியா?"

அலிடா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மே பாதிவரை அவளும் வுப்போவும் பேசிக்கொள்ளவில்லை.

ரென்ஸ்கெ அன்றே வேலி இடைவெளியில் பலகை அடித்தாள். இனி வருவதானால் தான் வீட்டில் இருக்கும்போது, முன்வாசல் மணி அடித்துத்தான் வர வேண்டும் என்று வுப்போவிடம் கறாராகச் சொன்னாள். அவர் தலையாட்டினார். வசந்தத்தில் இடம் பெயர்ந்ததால் பியோனி இந்த வருஷம் பூக்காது என்றும், அடுத்த வருஷம் நிச்சயம் பூக்கும் என்றும் சொன்னார்.

"பார்க்கலாம்" என்றாள் ரென்ஸ்கெ. அவர் போன பிறகு வாளியிலிருந்த வேரையெல்லாம் கறுப்புப் பையில் கொட்டி, வாயை இரண்டு முடிச்சுப் போட்டு இறுக்கினாள்.