கால் கேட்ட அளவுக்கு

1

அன்று மழை பெய்துகொண்டிருந்ததா, பெய்து ஓய்ந்திருந்ததா என்பது எனக்கு உறுதியாக நினைவில்லை. சாலை ஈரமாக இருந்தது. அதை மட்டும் நம்பலாம். சொல்லாமல் விட்ட ஒரு நன்றியிலிருந்து வந்த கதை இது. எழுத உட்கார எட்டு மாதம் ஆனது.

முதல் தொடக்கம்: "எஞ்சின் என்பது ஒரு..."

(அடித்துவிட்டேன். எஞ்சின் எஞ்சின்தான்.)

2

என்னிடம் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருக்கிறது; எங்கள் ஊர்ப் பேச்சில் "காடி". ஒரு டன் எடைகூட இல்லை. அவ்வளவு லேசான காரில் பாதம் அசைந்தால் முதுகு உடனே அறியும். அது போதாதென்று இணையத்தில் ஒரு சின்னப் பெட்டி வாங்கி ஆக்சிலரேட்டரோடு இணைத்தேன். அது எஞ்சினின் சக்தியைத் துளியும் கூட்டாது. பாதி அழுத்தத்தில் வர வேண்டியதை லேசாகத் தொட்டதுமே கொட்டிவிடும். நான் அதையே சக்தி என்று நம்பினேன்.

பினாங்குத் தீவிலிருந்து பாலம் கடந்து, பட்டர்வொர்த்தில் வேலுவின் பட்டறைக்கு சர்வீசுக்குக் கொண்டுபோனேன். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகாத மெக்கானிக் ஜெகதீஸ்வரி பெட்டியைப் பார்த்தார்.

"அண்ணே, இது பவர் இல்ல லா. நீங்க கேக்காததையும் சேத்துக் குடுக்குது. ஈரத்துல பின் டயர் வழுக்கிரும். கழட்டிரவா?"

பதிலை யோசித்தேன். யோசிக்கும்போது என் தலை தானாக அசையும். அவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு பெட்டியைக் கழற்றிவிட்டார்.

(அந்த மலேசிய "லா" நான் சேர்த்ததாக இருக்கலாம். "கழட்டிரவா?" என்று அவர் கேட்டது உண்மை. கதை அதில்தான் நிற்கிறது.)

3

வீடு திரும்பும்போது கார் சோம்பலாகத் தெரிந்தது. வேலுவை அழைத்து, அந்தப் பெண் கேட்காமல் கைவைத்துவிட்டார் என்றேன்.

"வெள்ளிக்கிழமையோட அவங்கள நிப்பாட்டிர்றேன் அண்ணே."

போனை வைத்துவிட்டேன்.

வியாழன் காலை ஆயர் ஈத்தாமைத் தாண்டி ஈரமான மலைச்சாலையில் போனேன். வளைவில் ஒரு குழி. குலுங்கியதில் பாதம் ஆக்சிலரேட்டரை அழுத்திவிட்டது. காரின் பின்பக்கம் ஒரு சாண் விலகியது. ஆனால் பாதம் அழுத்திய அளவுக்குத்தான் வேகம் வந்தது. மெல்லத் தளர்த்தினேன், கார் நேரானது. அந்தப் பெட்டி இருந்திருந்தால், தடுப்பைத் தாண்டிக் கீழே...

(இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.)

4

இந்தக் கதைக்கு நான் யோசித்த ஒரு முடிவு: பட்டறையில் நன்றியுரை ஆற்றுகிறேன். என்னை அறிந்தவர்கள் சிரிப்பார்கள். இன்னொன்று: நான் போவதற்குள் அவர் வேலையை விட்டுப் போய்விட்டிருக்கிறார். எழுதிப் பார்த்தேன், கை ஓடவில்லை.

நடந்தது இதுதான். அன்றே பாலத்தைக் கடந்து பட்டறைக்குப் போனேன்.

"வேலு, அவங்க கேட்டாங்க. நான்தான் தலையாட்டிட்டு உங்ககிட்ட மாத்திச் சொல்லிட்டேன்."

ஜெகதீஸ்வரி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை. "என் வேலையே போயிருக்கும் அண்ணே. இனிமே தலைய ஆட்டாதீங்க, வாயத் திறங்க. உங்கள விட உங்க காடி ஒழுங்கா பதில் சொல்லுது."

வேலு சிரித்துவிட்டார். நான் தலையாட்டினேன்.

5

நன்றியை எந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும்? வாசகரே, நீங்களே ஓர் இடம் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். என்னால் முடிந்தது இவ்வளவுதான்: நன்றி, ஜெகதீஸ்வரி.

அவருக்கு அங்கேயே வேலை நிரந்தரமானது. வேலு இப்போது எதையும் கழற்றுமுன் கையெழுத்து வாங்குகிறார். பெட்டியைக் குப்பையில் போட்டேன். கார் ஓடுகிறது. நான் உயிரோடு இருக்கிறேன்.